ஜெயசுதாக்கா வீட்டில் பிரிக்காத பெட்டிகள்

ஆடி மாதம் வந்தால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் இருக்கும் ஒரு பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைக்கு நான் குட்டியானை ஓட்டுகிறேன். சின்ன லோடு வண்டிதான், ஆனால் இங்கே யாரும் அதற்கு வேறு பேர் சொல்வதில்லை. கடையின் பேர் வேண்டாம், எல்லாக் கடையும் ஒரே மாதிரிதான். வாசலில் வாழைமரம் கட்டி, ஸ்பீக்கர் வைத்து, "இன்றே கடைசி, இன்றே கடைசி" என்று காலையிலிருந்து கத்துவார்கள். மறுநாளும் அதே கத்தல்தான். எத்தனை கடைசிடா உங்களுக்கு என்று எரிச்சலாக வரும். அந்தக் கத்தலில்தான் என் வண்டிக்கு டீசல் ஓடுகிறது என்பதால் வாயை மூடிக்கொண்டு பெட்டிகளை ஏற்றுவேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் போனால் அது வெறும் ஃப்ரிட்ஜ் இல்லை. அந்த வீட்டில் வயசுக்கு வந்த பெண் இருந்தால் அது சீர். வண்டி ஊருக்குள் நுழையும்போதே குழாயடியில் நிற்கிற பெண்கள், "இன்னா சின்னதொர, யார் வூட்டுக்குப் போய்க்கினு இருக்குற? பொண்ணுக்கா?" என்று நிறுத்திக் கேட்பார்கள். நான் இல்லை என்று சொன்னாலும் விடமாட்டார்கள். பொருள் வந்துவிட்டது என்றால் பெண் கொடுக்கத் தயார் என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் சுத்துப்பட்டுத் தரகர்களுக்கெல்லாம் சேதி போய்விடும்.

களமருதூர் ஜெயசுதாக்காவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தன் வீட்டில் மட்டும் அப்படி நடக்காது, பெட்டிகள் பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கும் என்று நினைத்தாள்.

அக்கா பிறந்தது திருநாவலூர். களமருதூர் பூமாலைக்கு வாக்கப்பட்டு வந்தவள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. பூமாலை நெல் மூட்டை ஏற்றி இறக்குவான். அக்கா நடவுக்கும் களைக்கும் போவாள். போவாள் என்பதைவிட, அழைத்துப் போவாள் என்று சொல்ல வேண்டும். நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் நிலக்காரர்கள் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கூலி பேசி முடிக்கிறவரை ஒருத்தியும் சேற்றில் கால் வைக்க மாட்டாள். நிலக்காரர் செல்லமுத்து எங்கள் பக்கத்தில் பெரிய வாயாடி. அவரே, "ஜெயசுதாகிட்ட பேசி ஜெயிக்க முடியாதுப்பா" என்று என் காதுபடச் சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு இடத்தில் மட்டும் புண் ஆறாமல் இருந்தது. கல்யாணமாகி வரும்போது அவள் கொண்டு வந்தது ஒரு பித்தளைக் குடமும் நாலு பாத்திரமும்தான். மூத்த மருமகள் மிக்ஸியோடு வந்தவள். மாமியார் கண் மூடுகிறவரைக்கும் அக்காவுக்கு அந்த வீட்டில், "ஒரு மிக்ஸிக்குக்கூட வக்கில்லாதவ" என்றுதான் பேர். அம்மியில் உட்கார்ந்து அரைக்கும்போதெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டே அரைத்திருக்கிறாள். என் பொண்ணுங்க காதுல இந்தப் பேச்சு விழக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். மூத்தவள் கோகிலவாணி, சின்னவள் இசைவாணி.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடியில் அக்கா ஏலச்சீட்டு எடுத்தாள். கோகிலவாணி அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற பெண். காலேஜுக்கு ஃபீஸ் கட்டிவிட்டு, மிச்சத்தில் மிக்ஸி ஒன்று வாங்கி வைக்கலாம் என்றுதான் அக்கா கடைக்கு வந்தாள். வாசலிலேயே பெரிய போர்டு. ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், கிரைண்டர், மிக்ஸி, ஐந்தும் சேர்த்து கல்யாண சீர் காம்போ. ஐந்தையும் தனித்தனியாக வாங்கினால் ஆகிற விலையில் பாதிதான் போட்டிருந்தான்.

ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விலை நிஜமாகவே கம்மிதான், பொருளும் நல்ல பொருள்தான். அதுதான் வினை. பொய் விலையாக இருந்தால் அக்கா கண்டுபிடித்துத் திட்டிவிட்டு வந்திருப்பாள். மெய் விலையாக இருந்ததால் கை நீட்டிவிட்டாள். ஒரு மிக்ஸிக்கு வந்தவள் ஐந்து பெட்டி வாங்கினாள். ஃபீஸுக்கு வைத்திருந்ததும் அதிலேயே போனது.

அன்றைக்கு லோடு நான்தான் கொண்டுபோனேன். பெட்டிகளை இறக்கும்போது கோகிலவாணி கதவோரம் நின்றுகொண்டு, "அம்மா, ஃபீஸு?" என்று கேட்டாள்.

"அடுத்த சீட்டுல கட்டிக்கலாம்டி. படிப்பு எங்க ஓடிப்போவுது? ஆஃபர்தான் ஓடிப்போவும்" என்றாள் அக்கா. சந்தோஷமாகத்தான் சொன்னாள். என் கையில் காபி டம்ளரைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

அவர்களுடையது அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு. அதில் பாதி பெட்டிகளுக்குப் போய்விட்டது. அக்கா ஒரு பெட்டியையும் பிரிக்கவில்லை. பிரித்தால் பழசாகிவிடும், பழசு சீராகாது. மேலே பழைய சேலைகளைப் போட்டு மூடி, எலிக்கு வேப்பிலையும் ரசகற்பூரமும் வைத்தாள். அவர்கள் வீட்டில் சொந்த உபயோகத்துக்கு ஃப்ரிட்ஜ் கிடையாது. அந்த வருஷம் பங்குனி வெயிலில் வயலிலிருந்து வந்து, ஃப்ரிட்ஜ் பெட்டி மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பானைத் தண்ணீரைக் குடிப்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

பெட்டி வந்த மாதமே ராமசாமி வந்துவிட்டார். அவர் எங்கள் பக்கத்துத் தரகர். "பொருள்லாம் ரெடியா இருக்குதாமே" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அக்கா இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். மூன்றாம் முறை அவர் ஒரு கணக்கோடு வந்தார்.

"இந்தா பாரு ஜெயசுதா, பொருளுக்குக் கேரண்டி ஒரு வருஷந்தான். அதுக்குள்ள கட்டிக் குடுத்துட்டா, மாப்ள வூட்ல போட்டுப் பாத்து ரிப்பேர்னா கடக்காரன் மாத்திக் குடுப்பான். தாண்டிட்டா உன் துட்டுதான் போவும். அப்பறம் உன் இஷ்டம்."

வீட்டில் எல்லாரும் தலையாட்டினார்கள். பூமாலை ஆட்டினான், பூமாலையின் அண்ணன் ஆட்டினான், கடைசியில் அக்காவும் ஆட்டினாள். ஒரு வாஷிங் மெஷினுக்குக் கேரண்டி முடிகிற தேதியை வைத்து ஒரு பெண்ணுக்குக் கல்யாணத் தேதி குறித்த கூத்து எங்கள் ஊரில்தான் நடக்கும். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. தை மாதம் கோகிலவாணிக்குப் பதினெட்டு முடிந்தது. வைகாசியில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு டிராக்டர் ஓட்டுகிற சரத்குமாருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அதே பெட்டிகளை அங்கே கொண்டுபோய் இறக்கினதும் நான்தான். உறவு முறையெல்லாம் சுற்றி நிற்க, மாப்பிள்ளை வீட்டில் பெட்டிகளைப் பிரித்தார்கள். டிவியைப் போட்டதும் நடுவில் பச்சையாக ஒரு கோடு. வாஷிங் மெஷின் ஓடவே இல்லை. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒயரை எலி கடித்துத் துப்பியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பழைய பொருள புதுப் பொட்டியில போட்டு அனுப்பிச்சிட்டாங்களா?" என்றாள். அக்கா தலை குனிந்து நின்றாள். எந்தப் பேச்சு மகள் காதில் விழக்கூடாது என்று இவ்வளவும் செய்தாளோ, அந்தப் பேச்சு முதல் நாளே விழுந்துவிட்டது. கடையில் போய்க் கேட்டதற்கு, எலி கடித்ததற்கும் அடிபட்டதற்கும் கேரண்டி கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சரத்குமார் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்ட மாட்டான். கோகிலவாணி இப்போது கரும்புக்குக் களை எடுக்கப் போகிறாள், இடுப்பில் ஒரு குழந்தை. போன வருஷம் அந்தப் பக்கம் லோடு போனபோது தண்ணீர் குடிக்க அவள் வீட்டில் நின்றேன். வாஷிங் மெஷின் அப்படியே மூலையில் இருந்தது. மூடியைத் திறந்து உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினாள். அவளுடைய பன்னிரண்டாவது மார்க் ஷீட்.

"எலி இதுக்குள்ள வராதுண்ணே" என்றாள்.

அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது இந்த ஆடி. இசைவாணி பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். கோகிலவாணி படிக்காமல் போன அதே படிப்புதான் தனக்கு வேண்டும் என்று கேட்டாள். கள்ளக்குறிச்சியிலேயே ஒரு நர்சிங் காலேஜில் இடமும் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் முதல் வருஷ ஃபீஸ் கட்டினால் இடம் நிற்கும், இல்லையென்றால் அடுத்த பெண்ணுக்குப் போகும். ஜெயசுதாக்கா மறுபடி ஏலச்சீட்டு எடுத்தாள். பணம் வந்த மறுநாள் காலையில் ஃபீஸ் கட்டத்தான் பூமாலையோடு பஸ் ஏறினாள். காலேஜுக்குப் போகிற வழியில்தான் எங்கள் கடை.

நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் கடைக்குள் நுழைவதைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். சேல்ஸ்மேன் சுபாஷ், "வாங்கக்கா, நீங்க நம்ம பழைய கஸ்டமரு" என்று கூட்டிக்கொண்டு போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, இத்தனை விற்றால்தான் அவனுக்குச் சம்பளம். இந்த முறை காம்போவில் இன்னும் இரண்டு பொருள் சேர்த்திருந்தார்கள். விலை இன்னும் கம்மி.

பூமாலை முடிவோடுதான் வந்திருந்தான். "பெரியவளுக்கு அஞ்சு பொருள் குடுத்துட்டு சின்னவளுக்கு ஒண்ணுமில்லன்னா ஊரு மூஞ்சில காறித் துப்பும். நாளைக்கு இசைவாணியே கேக்கும், எனக்கு இன்னா செஞ்சீங்கன்னு. இப்ப வுட்டா இந்த வெலைக்கு எப்ப வாங்கறது?" என்றான்.

சும்மா சொல்லக்கூடாது, அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்குச் செய்து இன்னொரு பெண்ணுக்குச் செய்யாமல் விட்டால் சாகிறவரை பேசுவார்கள்.

அக்கா அவனை விட்டு விலகினாள். ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். கதவைத் திறந்து உள்ளே கையை விட்டாள். அந்தக் குளிரில் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். வயலில் காய்ந்து கறுத்த கை, விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். எனக்குப் பாவமாக இருந்தது. வாங்கிக்கொள்ளட்டுமே, உழைக்கிற மனுஷிதானே என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"ஒரு வருசம் என் வூட்லயே கெடந்துச்சு. ஒரு நாளு தொறந்து பாத்தது இல்ல" என்றாள், சுபாஷிடம் சொல்கிற மாதிரி.

"இந்தத் தடவ தொறந்துக்கோங்கக்கா" என்று அவன் சிரித்தான்.

அக்கா மெல்லத் தலையை ஆட்டினாள். சரி என்கிற ஆட்டல்தான், எனக்கு நன்றாகத் தெரிந்தது. சுபாஷ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பேர், போன் நம்பர் எல்லாம் அடிக்க ஆரம்பித்தான். "அண்ணே, வண்டியப் பின்னாடி வுடுங்க" என்று எனக்குக் குரல் கொடுத்தான். நான் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "தம்பி, இத்த ஏத்தினா ஊருக்குள்ள எந்த வழியா போவ?"

"வேற வழி ஏதுக்கா? குழாயடி தாண்டி கோயில் தெருவச் சுத்தித்தான் போவணும். வயக்காட்டு வழில வண்டி எறங்காது."

"மேல தார்ப்பாய் போட்டு மூடிக்கினு போனா?"

"இன்னாத்த மூடறது? ஃப்ரிட்ஜு நிக்கிற ஒசரம் ஊருக்கே தெரியும்க்கா. மூடினா இன்னும் ஜாஸ்தியா கேப்பாளுங்க."

ஃப்ரிட்ஜ் கதவு இன்னும் திறந்தே இருந்தது. மூடச் சொல்லி அது கீச்சுக் கீச்சென்று சத்தம் போட ஆரம்பித்தது. அக்கா கையை வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, கதவை மூடினாள்.

"பில்லு போடாத தம்பி" என்றாள்.

சுபாஷ் திகைத்துப் போனான். பூமாலை கத்தினான். கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். ரெண்டு பொண்ணையும் ஒரே மாதிரி பாக்கத் தெரியாதவ நீயெல்லாம் ஒரு அம்மாவா என்று கேட்டான்.

அக்காவுக்குக் குரல் நடுங்கியது. வரப்பில் நின்று கூலி பேசுகிற குரல் இல்லை அது. "ஒரே மாதிரி பாக்கணும்னா இவளையும் படிப்ப நிறுத்தணும்யா. நிறுத்தட்டா? வண்டி ஊருக்குள்ள போன அன்னிக்கே ராமசாமி வந்து வாசல்ல நிப்பாரு. வேணாம்னு உன்னால சொல்ல முடியுமா? என்னாலயே முடியலய்யா அன்னிக்கு."

பூமாலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "உங்கூட வந்தேன் பாரு" என்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டான். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசல்படியில் நின்று ஒரு தடவை திரும்பி அந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். எனக்கு அந்த லோடு வாடகை போனது. போகட்டும், சனியன்.

எலவனாசூருக்கு ஒரு மிக்ஸி கொடுக்க வேண்டியிருந்தது. "ஏறுக்கா, உளுந்தூர்ப்பேட்ட பஸ்ல ஏத்தி வுடறேன்" என்று கேபினில் ஏற்றிக்கொண்டேன். அழுகையில் காலேஜ் நினைப்பே அவளுக்கு வரவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. பின்னால் ஒரே ஒரு மிக்ஸிப் பெட்டியோடு வண்டி கடகடவென்று ஆடியது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தியாகதுருகம் வரைக்கும் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று நான் கேட்கவில்லை. ஆசைப்பட்ட பொருளை விட்டுவிட்டு வந்தவள், கட்டினவனிடம் நாலு பேர் முன்னால் பேச்சு வாங்கினவள், அழாமல் என்ன செய்வாள்?

தியாகதுருகம் கடைத்தெருவில் நெரிசலில் நிற்கும்போது போன் அடித்தது. கோகிலவாணி. பூமாலை போன் போட்டுச் சொல்லியிருப்பான் போல. வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வாங்கிட்டியாம்மா?"

"இல்லடி. வேணாம்னு வந்துட்டேன்."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தகரத்தைத் தட்டுகிற சத்தம். எதைத் தட்டுகிறது என்று எனக்குத் தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

"படிப்பு எங்க ஓடிப்போவுதுன்னு எனக்குச் சொன்னியேம்மா" என்றாள் கோகிலவாணி. "இந்தப் புத்தி அன்னிக்கு எங்கம்மா போச்சு?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள். அக்கா போனை வாய்க்குக் கிட்டே கொண்டு வந்தாள்.

"அன்னிக்கு இல்லடி. உனக்கு நான் செஞ்சது தப்புடி. உன் வாழ்க்கையத்தான் பொட்டியில கட்டி ஏத்தி அனுப்பிச்சேன்."

"அழுவாத. பணம் எங்க இருக்கு?"

"மடியிலதான்."

"அப்ப இன்னும் கட்டலயா?"

"நாளைக்குப் போய்க் கட்டிக்கறேன்டி. இன்னிக்கு மனசு செரியில்ல."

"நாளைக்கா?" கோகிலவாணியின் குரல் சட்டென்று உயர்ந்தது. "ராவெல்லாம் அப்பா பேசும். பெரியப்பா வரும். நீ ஃப்ரிட்ஜையே நெனச்சிக்கினு படுத்திருப்ப. எனக்குத் தெரியாதா உன்ன? நாளைக்கும் அந்தக் கட தொறந்துதான்ம்மா இருக்கும்."

போனை வைத்துவிட்டாள்.

நெரிசல் விலகியது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலேஜு ஆபீஸு எந்நேரம் வரைக்கும் தம்பி?" என்று கேட்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்கக்கா."

"வண்டியத் திருப்பு."

மிக்ஸிக்காரன் திட்டினால் திட்டிக்கொள்ளட்டும் என்று அங்கேயே திருப்பினேன். கள்ளக்குறிச்சிக்குள் நுழைந்து எங்கள் கடையைத் தாண்டித்தான் காலேஜுக்குப் போக வேண்டும். ஸ்பீக்கர் இன்னும் "இன்றே கடைசி" என்று கத்திக்கொண்டிருந்தது. வாசலில் சுபாஷ் என் வண்டியைப் பார்த்துவிட்டு, அக்கா மனசு மாறி வருகிறாள் என்று நினைத்து ஓடிவந்து கை காட்டினான். என் கால் பழக்கத்தில் பிரேக்குக்குப் போனது.

அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "நிறுத்தாத தம்பி. ஓட்டு, ஓட்டு" என்றாள்.